ஒன்பது பேர்ல ஏழு பேர்

அலாஸ்கால டெனாலி மலையில இருந்து இறங்கி வந்தப்புறம் பாக்கறவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கற முதல் கேள்வி, "சம்மிட் ஆச்சா?" ஆச்சுன்னு சொன்னா அடுத்தது, "டீம்ல எத்தனை பேரு?" ஒன்பது பேர்ல ஏழு பேர்னு சொல்வேன். கேட்டவங்க சந்தோஷப்படுவாங்க, நல்ல நம்பர்தான் அது, அந்த மலையில ஒரு சீசன்ல முயற்சி பண்றவங்கள்ல சுமாரா பாதிப் பேருக்குத்தான் உச்சி கிடைக்குது. ஆனா இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உறுத்துது. அந்த ஏழை நாங்க ஏழு பேர் மட்டும் சேர்ந்து உண்டாக்கல. மிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரு, உச்சிக்குக் கிளம்பின அன்னிக்கு ஹை கேம்ப்பை, அதாவது உச்சிக்கு முன்னாடி இருக்கற கடைசி கேம்ப்பை, விட்டே நகராத ஒருத்தரு, அந்த ஏழுக்கு எங்கள்ல யாரையும் விட அதிகமா காரணம். இதை யாருக்கும் நின்ன இடத்துல ரெண்டு வரில சொல்லி விளங்க வைக்க முடியல, சொன்னா "பாவம், அவரால முடியலயா"ன்னுதான் கேக்கறாங்க. அதனாலதான் நீளமா எழுதறேன்.

எவரெஸ்ட் பத்தி நம்ம எல்லாருக்கும் ஓரளவு தெரியும், ஷெர்பாக்கள் கயிறு கட்டி வெப்பாங்க, கேம்ப் போட்டு வெப்பாங்க, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டுப் போய் வெப்பாங்க. டெனாலி வேற மாதிரி. (2025ல அமெரிக்க அரசாங்கம் பேரைத் திரும்ப மெக்கின்லின்னு மாத்திருச்சு, ஏறப் போறவங்க வாயில இன்னும் டெனாலிதான்.) உயரம் 6,190 மீட்டர். ஆனா டாக்கீட்னாங்கற சின்ன ஊர்ல இருந்து, சக்கரத்தோட பனிச்சறுக்குக் கட்டையும் மாட்டின குட்டி விமானம் நம்மளை கஹில்ட்னா பனியாத்து மேல 2,200 மீட்டர் உயரத்துல இறக்கி விட்டுட்டுப் போயிடும், அங்கிருந்து உச்சிக்கு கிட்டத்தட்ட 4,000 மீட்டர் ஏத்தம். எவரெஸ்ட்ல நேபாளப் பக்கத்து பேஸ் கேம்ப்ல இருந்து ஏற வேண்டியதை விட இது அதிகம். சுமை தூக்க ஆள் கிடையாது. மூணு வாரச் சாப்பாடு, ஸ்டவ்வுக்கு எரிபொருள், டென்ட், கயிறு, மலம் கழிச்சு எடுத்துட்டு வர்ற பச்சை டப்பா வரைக்கும் எல்லாம் நம்ம பொறுப்பு, ஆளுக்கு 50, 60 கிலோ வந்துடும், பாதி முதுகுல, பாதி இடுப்புல கட்டி இழுக்கற ஸ்லெட்ல. துருவத்துக்குப் பக்கம்ங்கறதால காத்தழுத்தமும் குறைவு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இதே உயரத்துல இருக்கற மலையை விட இங்க சீக்கிரம் மூச்சு வாங்கும்.

ஒரே சரிவு ரெண்டு தடவை

இந்த மலையில ஒரு டீம் எவ்வளவு முன்னேறிருக்குன்னு வெளியில இருந்து பாக்கறவங்களுக்குச் சொல்றது ரொம்பக் கஷ்டம். வீட்ல இருக்கறவங்க சாட்டிலைட் டிராக்கர்ல புள்ளியைப் பாத்துட்டு இருப்பாங்க, புள்ளி மேல போகும், சாயங்காலம் திரும்பக் கீழ வந்துடும், ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துடுவாங்க. ஒண்ணும் ஆயிருக்காது. 3,400 மீட்டர் கேம்ப்ல இருந்து மோட்டார்சைக்கிள் ஹில், ஸ்குவிரல் ஹில் எல்லாம் ஏறி விண்டி கார்னர் தாண்டி பாதி சாமானைப் பனிக்குள்ள ஆழமாப் புதைச்சு, அடையாளத்துக்கு மூங்கில் குச்சி நட்டுட்டு, வெறும் பையோட இறங்கி வந்து தூங்குவோம். அப்புறம் மிச்ச சாமானைத் தூக்கிட்டு அதே சரிவை மறுபடி ஏறுவோம். உடம்பு உயரத்துக்குப் பழகவும் இது வேணும், ஒரே நடையில இவ்வளவு எடையைத் தூக்க முடியாதுங்கறதாலயும் வேணும். மேலாப்ல புதைச்சா ரேவன் காக்கா வந்து தோண்டித் தின்னுட்டுப் போயிடும், அந்த உயரத்துல கூட! ஒரு மீட்டராவது தோண்டணும், அந்தத் தோண்டற வேலைக்கே மூச்சு முட்டும்.

நான் சொல்ல வர்றதுக்கு இது முக்கியம். முதல் நாள்ல இருந்தே யாரும் தன்னோட சாமானை மட்டும் தூக்கல. என் பையில டீமோட ஸ்டவ், இன்னொருத்தர் ஸ்லெட்ல என் சாப்பாடு, வேற ஒருத்தர் முதுகுல எல்லாருக்குமான பனிவாள். கீழ்ப் பனியாத்துல பிளவுகளை மூடியிருக்கற ஸ்னோ பிரிட்ஜ் இறுகி இருக்கணும்னு ராத்திரி நேரத்துலதான் நடப்போம், ஜூன்ல அங்க இருட்டறதே இல்ல, வெளிச்சம் லேசா நீலமாகும், அவ்வளவுதான். நாலு நாலு பேரா ஒரே கயித்துல. ஒருத்தர் கிரெவாஸ்ல, அதாவது பனிப் பிளவுல, விழுந்தா மத்த மூணு பேர் எடைதான் அவரைப் பிடிச்சு நிறுத்தணும். கயித்துல இருக்கற நாலு பேர்ல யாரு மெதுவா நடக்கறாரோ அவரோட வேகம்தான் கயித்தோட வேகம், இதுல வாதாட இடமே இல்ல.

நான் சொல்றவரு அந்தக் கயித்துல எனக்கு முன்னாடி நடந்தவரு. அவரும் தமிழ்தான், ஐம்பது தாண்டினவரு, பேரை எழுத வேண்டாம்னு சொல்லிட்டாரு, நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன், இங்கயும் அப்படியே இருக்கட்டும். கீழ இருந்த நாள்ல எங்க எல்லாரையும் விட அவருதான் பலசாலி. ஸ்கி ஹில்ல என் ஸ்லெட் பக்கவாட்டுல சறுக்கிச் சறுக்கி என்னைக் கீழ இழுத்தப்போ நின்ன இடத்துலயே என் மூட்டையை அவிழ்த்து எடையை மாத்திக் கட்டிக் கொடுத்து, ரெண்டு எரிபொருள் கேனைப் பேசாம தன் ஸ்லெட்ல தூக்கிப் போட்டுக்கிட்டாரு. இவரு உச்சிக்குப் போகாம இருப்பாருன்னு அன்னிக்கு யாராவது சொல்லிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

மூணு கைடு

நேஷனல் பார்க் விதிப்படி ஒரு டீம்ல 12 பேருக்கு மேல இருக்கக் கூடாது. எங்க டீம்ல கைடு மூணு பேர், நாங்க ஒன்பது பேர், கைடு கூட்டிட்டுப் போற டீம்கள்ல இது சாதாரணமான அமைப்புதான். ஒரு கைடு, மூணு பேர், ஒரு கயிறு. கீழ எல்லாம் இது சாதாரண எண்ணிக்கையாத்தான் தெரியும். உச்சிக்குப் போற நாள்லதான் அதோட அர்த்தமே மாறுது.

ஏன்னா ஹை கேம்ப்புக்கு மேல யாரையும் தனியா திருப்பி அனுப்ப முடியாது. 5,200 மீட்டர்ல இருக்கற அந்தக் கேம்ப்ல இருந்து டெனாலி பாஸ்ங்கற கணவாய் வரைக்கும் ஆட்டோபான்னு ஒரு நீளமான குறுக்குச் சரிவு, ஒரு காலை ஒழுங்கா வெக்காட்டி கீழ வரைக்கும் நிக்காம உருள வேண்டியதுதான், இந்த மலையில நிறைய உயிர் போன இடம் அது. பனியில அடிச்சு வெச்ச பிக்கெட்ங்கற உலோக முளையில கயித்தை மாட்டி மாட்டித்தான் போகணும், வரணும். அதனால ஒருத்தருக்கு முடியலன்னா ஒரு கைடு அவரைக் கூட்டிட்டு இறங்கியே ஆகணும். அந்தக் கயித்துல மிச்சம் இருக்கற ரெண்டு பேர் மத்த கயித்துக்குப் போயிடுவாங்க. இதுவரைக்கும் பிரச்சினை இல்ல. அப்புறம் இன்னொருத்தருக்கு முடியலன்னா ரெண்டாவது கைடும் போயிடுவாரு. அத்தோட முடிஞ்சுது. மிச்சம் ஏழு பேர் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒரே ஒரு கைடு ஏழு பேரை வெச்சுக்கிட்டு மேல போக மாட்டாரு, போகவும் கூடாது. எல்லாரும் திரும்பணும். அதாவது ஒன்பது பேர்ல ரெண்டு பேர் வேற வேற இடத்துல நின்னா போதும், அத்தனை பேரோட சம்மிட்டும் போச்சு. ஆனா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கேம்ப்லயே நின்னுட்டா ஒரு கைடும் குறையாது.

இந்தக் கணக்கை யாரும் எங்களுக்கு விளக்கல. டாக்கீட்னால சாமான் செக் பண்ணும்போது கையுறை எத்தனை ஜோடி, பூட்ஸ் சரியா, பூட்ஸ் அடியில மாட்டற முள்ளு, கிராம்பான், பொருந்துதான்னு மணிக்கணக்கா பாத்தாங்க, முடியாட்டி தயங்காம சொல்லுங்கன்னும் சொன்னாங்க. எப்ப சொல்றோம்ங்கறதுல இவ்வளவு இருக்குன்னு சொல்லல. நானா யோசிச்சும் பாக்கல. அண்ணன் யோசிச்சிருந்தாரு.

ஹை கேம்ப்ல அந்த சாயங்காலம்

4,300 மீட்டர் கேம்ப்ல இருந்து ஹை கேம்ப்புக்கு ஏறின நாள்லதான் அவருக்கு முதல் தடவையா சிரமமாச்சு. ஹெட்வால்ங்கற செங்குத்துச் சரிவுல ஃபிக்ஸட் லைன், அதாவது நிரந்தரக் கயிறு, போட்டிருப்பாங்க, அதைக் கவ்வற ஜூமார் கருவியை மேல தள்ளி ஒரு அடி, தள்ளி ஒரு அடின்னு போகணும், அதுல அவரு அடிக்கடி நின்னாரு. அதுக்கு மேல ரிட்ஜ்ல, குறுகின மலைமுகட்டுல, ரெண்டு பக்கமும் ஆழம், காத்து. கேம்ப்புக்கு வந்தப்புறம் விரல்ல உணர்ச்சி திரும்ப ரொம்ப நேரம் பிடிச்சுது. ஆனா நிறம் மாறல, சாப்பிட்டாரு, தலைவலி இல்ல, அடுத்த நாள் ரெஸ்ட் எடுத்ததுல முகமே தெளிஞ்சிடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் தலைமை கைடு ஒவ்வொரு டென்ட்டா வந்து, காத்து இறங்குது, நாளைக்குப் போறோம், சீக்கிரமே கிளம்பினா ஆட்டோபான் நிழல்ல குளிர் கொல்லும், வெயில் ஏறட்டும், ஒன்பது மணி வாக்குல கிளம்பலாம்னு சொல்லிட்டுப் போனாரு. அண்ணன்கிட்ட தனியா, உங்களுக்கு வரணும்னா வாங்க, பாஸ்ல பாத்து முடிவு பண்ணிக்கலாம்னும் சொன்னாரு. கதவு திறந்துதான் இருந்துச்சு. அதை நான் அழுத்திச் சொல்லணும்.

கைடு போனதும் அண்ணன் ஸ்லீப்பிங் பேக்ல உட்கார்ந்துட்டே, "தம்பி, நாளைக்கு நான் வரல"ன்னாரு.

"ஏண்ணே, இப்பதான் நல்லா ஆயிட்டீங்களே?"

"நல்லா இருக்கேன், அதனாலதான் தெளிவா சொல்றேன். பாஸ் வரைக்கும் வந்துடுவேன். அதுக்கு மேல எனக்கே பாதி நம்பிக்கைதான். அங்க நான் நின்னா ஒரு கைடு என்கூட இறங்கணும். உங்களுக்கு ரெண்டுதான் மிச்சம். உங்கள்ல இன்னொரு ஆளு நின்னா கதை முடிஞ்சுது."

"அது கைடு பாத்துக்கற விஷயம்ணே. நீங்க ஏன் அதை உங்க தலையில போட்டுக்கறீங்க? இவ்வளவு செலவு பண்ணி, ஒரு வருஷம் டயர் இழுத்துப் பயிற்சி பண்ணிட்டு…"

"நீ இல்லயா, அவங்க இல்லயா? எல்லாருந்தான் இழுத்தாங்க."

அப்புறம் நான் எவ்வளவு பேசியும் அவரு அசையல, கோவமும் படல. எழுந்து பூட்ஸ் மாட்டிட்டுப் போய் கைடுகிட்ட சொல்லிட்டு வந்து, என் தண்ணி பாட்டிலை வாங்கி சுடுதண்ணி நிரப்பி என் ஸ்லீப்பிங் பேக் கால்மாட்டுல வெச்சாரு. நான் அன்னிக்குச் சரியாத் தூங்கல.

மறுநாள் எங்க பக்கத்துல இருந்த வேற டீம் ஆளுங்க நாலஞ்சு பேர் கேம்ப்லயே இருந்தாங்க, கைடு ஒரு ரேடியோவை அண்ணன் கையில கொடுத்தாரு, நாங்க எட்டு பேர் கிளம்பினோம். ஆட்டோபான் முடிஞ்சு பாஸ் 5,550 மீட்டர், அங்கிருந்து ஆர்ச்டீக்கன்ஸ் டவர்ங்கற சிகரத்தைச் சுத்தி ஃபுட்பால் ஃபீல்டுன்னு சொல்ற சமவெளிக்குப் போகணும். டவர் கிட்ட எங்க டீம்ல இருந்த ஒரு அம்மாவுக்கு நடை தடுமாற ஆரம்பிச்சுது. கால் பின்னுது, கேட்ட கேள்விக்குப் பதில் லேட்டா வருது. அந்த உயரத்துல தள்ளாட்டம்னா மூளையில நீர் கோக்கறதுக்கு அறிகுறியா இருக்கலாம், ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு கைடு உடனே அவங்களைக் கயித்துல கட்டிக் கூட்டிட்டு இறங்கிட்டாரு. (கீழ போகப் போக அவங்க தெளிஞ்சுட்டாங்க, இப்ப நல்லா இருக்காங்க.) மிச்சம் ரெண்டு கைடு, ஏழு பேர். பிக் ஹில் அடிவாரத்துல இன்னொருத்தரு மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டாரு, தலைமை கைடு வாட்ச்சைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு, அவருக்கு சுடுதண்ணி கொடுத்து, பேச வெச்சு, நடக்க வெச்சுப் பாத்து, சரி போலாம்னாரு. அப்புறம் பிக் ஹில், அப்புறம் கத்தி மாதிரி உச்சி ரிட்ஜ், அப்புறம் உச்சி. அதைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

ராத்திரி கேம்ப்புக்குத் திரும்பினப்போ காலையில பாத்த பனிச்சுவர் இன்னும் ரெண்டு வரிசை ஏறியிருந்துச்சு, அண்ணன் தனியா பனிக்கட்டி அறுத்து அடுக்கியிருக்காரு. எங்க எல்லாருக்கும் பனி உருக்கித் தண்ணி தயார். அங்க பனி உருக்கறது எவ்வளவு நேரம் பிடிக்கற வேலைன்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும், அத்தனை பாட்டிலுக்கும்னா பாதி நாள் ஸ்டவ் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும். 4,300 மீட்டர் கேம்ப்புக்கு இறங்கினப்புறம் தலைமை கைடுகிட்ட நானே போய்க் கேட்டேன். அவரு சுத்தி வளைக்காம சொன்னாரு, பாஸ்ல ஒரு கைடை ஏற்கனவே கீழ அனுப்பியிருந்தா, டவர்ல அந்த அம்மா தடுமாறின நிமிஷமே உங்க எல்லாரையும் திருப்பியிருப்பேன்னு.

சர்க்கரையைச் சேத்து வெச்ச பையன்

அந்த டவருக்கு ஆர்ச்டீக்கன்னு பேர் வந்தது ஹட்சன் ஸ்டக்கால, அவரு ஆர்ச்டீக்கன்ங்கற சர்ச் பதவில இருந்த ஒரு பாதிரியார். 1913 ஜூன் 7ந் தேதி இந்த மலையோட உச்சியை முதன்முதலா தொட்ட டீம் அவரோடது, ஸ்டக், ஹாரி கார்ஸ்டென்ஸ், வால்டர் ஹார்ப்பர், ராபர்ட் டேட்டம்னு நாலு பேர். முதல்ல காலை வெச்சது ஹார்ப்பர், அலாஸ்கா பூர்வகுடித் தாய்க்குப் பிறந்த இளைஞர். இந்த நாலு பேர் சரித்திரத்துல இருக்காங்க. ஆனா அந்தப் பயணத்துல ஜானி ஃப்ரெட்சன்னு ஒரு பதின்ம வயசுப் பையனும் இருந்தான், க்விச்சின் இனத்துப் பையன். பேஸ் கேம்ப்ல நாய்களைப் பாத்துக்கிட்டு தனியா ஒரு மாசம் இருந்தான், மேல போனவங்க சொன்ன நாளுக்கு வரல, உயிரோட இருக்காங்களான்னே தெரியாது. தனக்குன்னு விட்டுட்டுப் போன சர்க்கரையை அவன் தொடாம வெச்சிருந்தான், மேல சர்க்கரை தீர்ந்து போய் இறங்கி வர்றவங்களுக்குக் கொடுக்கணும்னு. பின்னால பெரியவனாகி தன் மக்களோட நில உரிமைக்காகப் போராடி ஜெயிச்ச தலைவர் ஆனாரு, அது தனிக் கதை. என்னோட கேள்வி, அந்த டீம்ல எத்தனை பேர்னு கேட்டா நாலுன்னு எப்படிச் சொல்றது? நான் இந்தக் கதையை முதல்ல படிச்சப்போ அந்தச் சர்க்கரை ஒரு அழகான சின்ன விஷயமா மட்டும்தான் பட்டுச்சு. ஹை கேம்ப்ல அந்தச் சுடுதண்ணியைக் குடிச்சப்புறம் அப்படிப் படல.

தெரிஞ்சவரு விட்டுக் கொடுத்தாரு

கைடு டீம் கூட்டிட்டுப் போறவங்க எல்லாரும் இந்தக் கணக்கை முதல் நாளே, மலைக்குப் பறக்கறதுக்கு முன்னாடியே, எல்லாரையும் உட்கார வெச்சு சொல்லணும்னு எனக்குத் தோணுச்சு. இதை பிக் ஹில் அடியில உட்கார்ந்த அந்த நண்பர்கிட்ட சொன்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல. "இந்தக் கணக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் பாஸ்லயே, இல்ல கேம்ப்லயே நின்னிருப்பேன். அடுத்தவங்க சம்மிட்டைக் கெடுத்துடுவோமோன்னு பயந்தே நின்னிருப்பேன். தெரியாததாலதான் ஏறினேன், ஏறவும் முடிஞ்சுது. நீ சொல்றபடி செஞ்சா தன் மேல சந்தேகம் இருக்கற ஒவ்வொருத்தரும் கீழயே உட்கார்ந்துடுவாங்க"ன்னாரு. இது லேசான வாதம் இல்ல. பல நாள் எனக்குப் பதில் தெரியல. உண்மையிலேயே அண்ணன் போயிருந்தா ஏறியிருப்பாரா இல்லயான்னு யாருக்கும் தெரியாது, பாதி நம்பிக்கைன்னா பாதி வாய்ப்பும் இருக்குதானே.

ஆனா அந்த நண்பர் சொன்னதையே திருப்பிப் பாத்தா எனக்கு வேற ஒண்ணு தெரியுது. கணக்கு தெரிஞ்சவரு விட்டுக் கொடுத்தாரு, தெரியாதவரு ஏறினாரு. ரெண்டு பேருக்கும் அன்னிக்கு கிட்டத்தட்ட ஒரே நிலைமைதான். சொல்லாம விட்டா என்ன ஆகுதுன்னா, யாரு தானா யோசிச்சுக் கண்டுபிடிக்கற அளவுக்கு மத்தவங்களை நினைக்கறாங்களோ அவங்க தலையிலயே மொத்த பாரமும் விழுது. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அந்த டென்ட்ல பேச்சே வேற மாதிரி நடந்திருக்கும். ஒன்பது பேரும் ஒண்ணா உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு நம்பிக்கை, யாரை எல்லாரும் சேர்ந்து தள்ளி ஏத்தலாம், ஒரு நாள் தள்ளிப் போகலாமான்னு பேசியிருக்கலாம். அண்ணன்கிட்ட, நீங்க வாங்க, எங்க சம்மிட் போனாலும் பரவாயில்லன்னு சொல்ற வாய்ப்பாவது எங்களுக்குக் கிடைச்சிருக்கும். நான் சொல்லியிருப்பேன். நாலு பேராவது சொல்லியிருப்பாங்கன்னு நம்பறேன். அவரு எங்களைக் கேக்காம எங்களுக்காக முடிவெடுத்தாரு, அதுக்கு நன்றியோட இருக்கேன், ஆனா எங்களைக் கேட்டிருக்கணும்னும் இருக்கு.

இதை அண்ணன்கிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். தியாகம் கியாகம்னு எதுவும் எழுதிடாத, அந்த மாதிரி எல்லாம் இல்ல, எனக்கும் அந்த உச்சி வேணும்னாரு. இந்தத் தடவை பெரிய டீம் வேண்டாமாம், கைடு ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர், அவ்வளவுதான், அப்ப அவரு ஏறினாலும் நின்னாலும் தன் உடம்பை மட்டும் பாத்து முடிவு எடுக்கலாம். நான் நின்னா நீ மேல போயிடணும்னு கண்டிஷன் போட்டாரு, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல, இன்னும் பேச்சு நடக்குது. எந்த மாசம்ங்கறதும் முடிவாகல. அவரு விரலுக்கு ஜூன் கடைசிதான் நல்லது, குளிர் கொஞ்சம் குறையும், ஆனா அப்ப கீழ்ப் பனியாறு இளகி கிரெவாஸ் எல்லாம் வாயைத் திறந்துடும், அதனால நான் ஜூன் ஆரம்பம்ங்கறேன், அவரு முதல்ல நல்ல கையுறையா பாப்போம்ங்கறாரு.